கிரீனின் ஸ்லாங் அகராதி: ஒரு முரட்டுச் சொல்லின் வழியே ஒரு மதிப்புரை

ஆங்கிலக் கொச்சைச் சொற்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அகராதிகளில் எதை நம்பலாம் என்று யாராவது கேட்டால், ஜொனாதன் கிரீன் தொகுத்த 'கிரீன்ஸ் டிக்‌ஷனரி ஆஃப் ஸ்லாங்' என்ற பெயரைத் தயங்காமல் சொல்வேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களும் தொடர்களும் அடங்கிய அந்தப் பெருந்தொகுப்பை முழுவதும் வாசித்து மதிப்பிடுவது எவருக்கும் இயலாத காரியம். ஆகவே பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கையைப் பதம் பார்ப்பதுபோல், ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதை இந்த அகராதி எவ்வளவு தூரம் விளக்குகிறது, எங்கே நம்மைக் கைவிடுகிறது என்று பார்ப்பதே இந்த மதிப்புரையின் நோக்கம். நான் எடுத்துக்கொண்ட சொல் 'பொலக்ஸ்' (bollocks).

இங்கிலாந்தில் சில மாதங்கள் வாழ்ந்தவர்களும், பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களும், லண்டன் அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசிப் பிழைப்பவர்களும் இந்தச் சொல்லைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். ('பஸ்' என்று சொல்லும்போது வருகிற பகர ஒலியோடு, ஒகரத்தைக் குறுக்கி, இரண்டாம் அசையை ஏறக்குறைய விழுங்கிச் சொல்ல வேண்டும்.) பச்சையான வசை என்று இதைச் சொல்ல முடியாது, அதற்காகப் பெரியவர்கள் முன்னிலையில் கூசாமல் சொல்லக்கூடியதும் இல்லை. இப்படி நடுவில் நிற்கும் சொற்கள்தாம் அயல்மொழிக்காரர்களை அதிகம் தடுமாற வைக்கின்றன. கடுமையான வசைகளை எவரும் முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுவார்கள். மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு சொல்லைத் தானும் திருப்பிச் சொல்லலாமா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதுதான் கடினம், அதற்குத்தான் அகராதி வேண்டியிருக்கிறது.

அகராதியின் பின்புலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில ஸ்லாங்கைத் தொகுப்பவர்களின் வரிசை நீண்டது. 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியும், 1937-இல் எரிக் பார்ட்ரிட்ஜ் வெளியிட்ட பேரகராதியும் அந்த வரிசையின் இரு பெரிய மைல்கற்கள். பார்ட்ரிட்ஜுக்குப் பிறகு அந்த இடத்தை நிரப்பியவராகக் கருதப்படும் கிரீன், 1980-களிலிருந்து இந்த ஒரே துறையில் உழைத்து, 2010-இல் சேம்பர்ஸ் பதிப்பகத்தின் வழியே மூன்று கனத்த தொகுதிகளாகத் தம் அகராதியைக் கொண்டுவந்தார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் டார்ட்மவுத் பதக்கம் 2012-இல் அதற்குக் கிடைத்தது. 2016 அக்டோபரில் இணைய வடிவம் வந்தபோது பொருளும் சொற்பிறப்பும் மட்டும் இலவசமாகவும், மேற்கோள்கள் சந்தா செலுத்துவோருக்கு மட்டுமாகவும் இருந்தன. பின்னர் அந்த வேலியும் அகற்றப்பட்டு, இன்று எல்லாமே எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அச்சுத் தொகுதிகள் வெளிவந்தபோது சாதாரண வாசகர் வாங்க முடியாத விலையில் இருந்ததை நினைத்துப் பார்த்தால், இது சிறிய காரியமாகத் தெரியவில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய சொற்களும், பழைய சொற்களுக்கு இன்னும் முந்தைய சான்றுகளும் சேர்க்கப்படுகின்றன என்பது அச்சு வடிவத்துக்கு ஒருபோதும் கிடைத்திருக்காத வசதி.

ஒரு சொல்லைத் தேடியதும் கிடைக்கும் பதிவின் அமைப்பு இதுதான்: தலைச்சொல், அதன் பல எழுத்துக்கூட்டல்கள், சொற்பிறப்பு, எண்ணிட்ட பொருள்கள், ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வரிசைப்படி மேற்கோள்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் இடம்பெறும் தொகைச்சொற்கள், தொடர்கள், வியப்பு அல்லது வெறுப்புக் கூற்றுகள் ஆகியவை தனித்தனித் தலைப்புகளில் வருகின்றன. நாவல், செய்தித்தாள், நாடகம், நீதிமன்றப் பதிவு, திரைப்பட வசனம், பாடல் வரி என்று எல்லா வகை எழுத்திலிருந்தும் சான்றுகள் திரட்டப்பட்டிருக்கின்றன. மேற்கோள்களை நாடு வாரியாகக் காலக்கோட்டில் காட்டும் படமும் உண்டு. எந்தச் சொல் எந்த நாட்டில் முதலில் முளைத்து எப்போது கடல் கடந்தது என்பதைப் பத்தி பத்தியாக வாசிக்காமலே அதில் பார்த்துவிடலாம்.

நான் எடுத்துக்கொண்ட சொல்லைப் பொறுத்தவரை இந்த அமைப்பு மிகவும் பயன்படுகிறது, ஏனென்றால் 'பொலக்ஸ்' ஒரு சொல்லாக இருந்தாலும் பயன்பாட்டில் பத்துச் சொற்களின் வேலையைச் செய்கிறது. அதன் அடிப்படைப் பொருள் ஆணின் விதைகள். யாராவது ஒரு கருத்தைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் தனிச்சொல்லாக இதை உதிர்த்தால், 'சுத்தப் பேத்தல், நான் நம்பவில்லை' என்று பொருள். பேருந்தைத் தவறவிட்டவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டால் அது வெறும் எரிச்சல்; அப்போது பொருளென்று எதுவும் இல்லை. 'எ லோட் ஆஃப் பொலக்ஸ்' என்றால் உளறல் மூட்டை. 'பொலக்ஸ் டு தட்' என்றால் 'அது எக்கேடு கெட்டால் எனக்கென்ன'. இதையே வினையாக்கி ஒரு பொருளின் மீது ஏற்றிச் சொன்னால், அது பழுதாகிவிட்டது அல்லது சொதப்பப்பட்டுவிட்டது. ஒருமையில் 'டிராப் எ பொலக்' என்றால் பெரிய தவறு செய்துவிடுதல். 'பொலக் நேக்கட்' என்பது முண்டக்கட்டையாக நிற்பது. 'பொலக்கிங்' என்பது மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, அதாவது நம் அலுவலகங்களில் 'டோஸ்' என்றும் 'மண்டகப்படி' என்றும் சொல்லப்படுவது. இந்தப் 'பொலக்கிங்' மட்டும் குடும்பத்திலிருந்து சற்றே பிரிந்து போய்விட்ட பிள்ளை: மற்ற பயன்பாடுகளைத் தவிர்ப்பவர்கள்கூட இதை ஓரளவு சகஜமாகச் சொல்வார்கள், சொல்லும்போது உடலுறுப்பு எதுவும் அவர்கள் நினைவுக்கு வருவதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதைப் பதிவின் அமைப்பே காட்டிவிடுகிறது. பொதுவான ஆங்கிலத் தமிழ் அகராதிகளைப் பார்த்தால் இந்தச் சொல்லே பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் உடலுறுப்புப் பொருளோடு நின்றுவிடும். அந்த ஒரு பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு துப்பறியும் தொடருக்குத் தமிழில் துணைத்தலைப்பு எழுதப் புகுபவர் எங்கெல்லாம் வழுக்கி விழுவார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பொருள்களிலேயே மிகவும் சுவையானதும் தமிழ் பேசுபவர்களுக்கு மிகவும் ஆபத்தானதும் பாராட்டுப் பொருள்தான். 'இட்ஸ் பொலக்ஸ்' என்றால் 'குப்பை'. நடுவில் 'தி' என்ற சிறு சொல்லைச் சேர்த்து 'இட்ஸ் தி பொலக்ஸ்' என்றால் 'இதை மிஞ்ச ஆளில்லை' என்ற உச்சப் பாராட்டு! 'தி'க்கு நிகரான சொல் இல்லாத மொழியில் வளர்ந்த நமக்கு அதைப் போடுவதும் விடுவதும் எப்போதுமே அரைகுறைக் கவனத்தோடு செய்யும் வேலை. இங்கே அந்த அரைகுறைக் கவனம் ஒருவரின் சமையலைப் புகழ்வதற்கும் இகழ்வதற்கும் இடையிலான வேறுபாடாகிவிடுகிறது. இந்தப் பாராட்டின் முழு வடிவம் 'தி டாக்ஸ் பொலக்ஸ்', அதாவது நாயினுடையது. நியூகாசிலில் 1979-இல் தொடங்கிய 'விஸ்' என்ற குறும்புச் சித்திரக்கதை இதழ், 1989-இல் தன் தொகுப்பு ஒன்றுக்கு இதையே தலைப்பாக வைத்தது. பாராட்டுப் பொருளில் இந்தத் தொடர் நாடெங்கும் பரவியதில் அந்தத் தொகுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் விச்வுட் மதுவாலை ஒரு பியருக்கே இந்தப் பெயரைச் சூட்டி விற்றது.

இதே தொடருக்கு அதற்கும் முன்பு வேறொரு வாழ்க்கை இருந்தது. முக்காற்புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடும் பழைய அச்சு வழக்கத்தைப் பார்ட்ரிட்ஜ் தம் அகராதியின் 1949-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தப் பெயராலேயே பதிவு செய்திருக்கிறார். அந்தக் குறியைத் தாளில் ஒருமுறை எழுதிப் பார்ப்பவர்களுக்குப் பெயரின் காரணம் உடனே விளங்கிவிடும். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டதைக் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாக நம் இலக்கண உரைகள் தருகின்றன; அச்சகத் தொழிலாளர்களின் இந்தக் குறும்பு அதே வகையைச் சேர்ந்தது. சான்றுகளை ஆண்டு வரிசையில் நிறுத்தும் அகராதியால் மட்டுமே இத்தகைய கிளைக்கதைகள் உயிரோடு இருக்கின்றன.

இதுவரை பாராட்டியாயிற்று. இந்த அகராதியின் முதல் குறை அதன் இயல்பிலேயே இருக்கிறது. இது ஸ்லாங்கை மட்டுமே, அதுவும் ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டிலிருந்து பதிவு செய்யும் அகராதி. 'பொலக்ஸ்' என்ற சொல்லோ தன் வாழ்வின் முதல் சில நூற்றாண்டுகளில் ஸ்லாங்காகவே இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'பெயல்லுகஸ்' என்ற வடிவில் இருந்த அது, பந்தைக் குறிக்கும் வேரோடு சிறுமை விகுதி சேர்ந்து பிறந்தது. சிறு குன்றைக் குறிக்கும் 'ஹில்லக்' என்ற சொல்லில் இருப்பதும் அதே விகுதிதான். 1382-ஐ ஒட்டி வெளிவந்த விக்ளிஃப் வேதாகமத்தில், லேவியராகமம் 22-ஆம் அதிகாரத்தில், பலியிடத் தகாத விலங்குகளைச் சொல்லும் வசனத்தில் இந்தச் சொல் எந்தக் கூச்சமும் இல்லாமல் இடம்பெற்றிருக்கிறது. தமிழ் வேதாகமத்தின் அதே வசனத்தில் 'விதை' என்ற சொல் நிற்கிறது. இரட்டைக் கிழங்கு கொண்ட ஆர்க்கிட் செடிகளுக்கும் இங்கிலாந்தின் பழைய மூலிகை நூல்கள் இந்தச் சொல்லைச் சேர்த்தே பெயரிட்டன. ஆர்க்கிட் என்பதற்கே கிரேக்கத்தில் அதே பொருள் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. பிடியின் அடியில் இரு உருண்டைகள் கொண்ட இடைக்கால குத்துவாளுக்கும் இதே சொல்லின் பழைய வடிவால் 'பாலக் டேகர்' என்று பெயர். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலின் சிதைவுகளிலிருந்து அவ்வகை வாள்கள் பல எடுக்கப்பட்டன. விக்டோரியா காலத்துப் பழம்பொருள் ஆர்வலர்களுக்குத்தான் அந்தப் பெயர் வாயில் வரவில்லை, 'சிறுநீரக வாள்' என்று மாற்றிவிட்டார்கள். நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்று வகுத்தது இதைத்தான்.

'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று வள்ளுவர் எழுதியபோது கௌரவமாக இருந்த சொல்லை இன்று தெருவில் சொன்னால் சண்டை வருகிறது என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு, இந்த வீழ்ச்சி புதிய செய்தியாக இருக்காது. ஆனால் அந்த வீழ்ச்சி எப்போது, எந்தப் படிகளில் நிகழ்ந்தது என்று அறிய விரும்புபவர் கிரீனின் அகராதியில் பாதிக் கதையைத்தான் பெறுவார். முன்பாதிக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத்தான் நாட வேண்டும், அது சந்தா கேட்கும். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு உள்ளூர்ப் பொது நூலக உறுப்பினர் அட்டை இருந்தால் பல இடங்களில் அது வீட்டிலிருந்தே இலவசமாகத் திறக்கும் என்பது பலருக்குத் தெரியாத வசதி. அந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகூட 1884 முதல் 1928 வரை வெளிவந்த தன் முதல் பதிப்பில் மிகக் கடுமையான இரு சொற்களைச் சேர்க்காமலே விட்டு, 1972-இல் துணைத்தொகுதி வந்தபோதுதான் அவற்றை ஏற்றுக்கொண்டது. ஸ்லாங் அகராதிகளுக்கு அந்த வகைக் கூச்சம் பொதுவாகக் குறைவு.

கொச்சைச் சொற்களின் வரலாற்றைத் தேதியோடு தொகுத்து வைப்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு 1977-ஆம் ஆண்டு நாட்டிங்ஹாம் வழக்கை நினைவூட்டுவேன். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழு அந்த அக்டோபரில் வெளியிட்ட 'நெவர் மைண்ட் தி பொலக்ஸ்' என்று தொடங்கும் தலைப்புக் கொண்ட இசைத்தட்டின் அட்டையைத் தன் கடைச் சன்னலில் வைத்ததற்காக, நாட்டிங்ஹாமின் வர்ஜின் இசைத்தட்டுக் கடை மேலாளர் மீது 1889-ஆம் ஆண்டின் அநாகரிக விளம்பரச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. எழுத்தாளரும் வழக்கறிஞருமான ஜான் மார்ட்டிமர் அவருக்காக வாதாடினார். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி சாட்சிக் கூண்டில் ஏறி, இது ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல் என்றும், ஒரு காலத்தில் பாதிரியார்களுக்குப் பட்டப்பெயராக வழங்கியது என்றும், பாதிரியார்கள் நிறைய அபத்தம் பேசுவார்கள் என்ற எண்ணத்தால் 'அபத்தம்' என்ற பொருள் வந்தது என்றும், ஆகவே அந்தத் தலைப்பு 'அபத்தத்தை விடுங்கள்' என்று சொல்வதற்கு மேல் எதுவும் இல்லை என்றும் விளக்கினார். நவம்பர் 24-ஆம் தேதி நீதிமன்றம், மனமில்லாமல்தான் விடுவிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே மேலாளரை விடுவித்தது.

பாதிரியார் பட்டப்பெயர் என்ற செய்தி குரோஸின் பதினெட்டாம் நூற்றாண்டு அகராதி மரபில் தெளிவாகவே இருக்கிறது. தலைக்குள் இருக்க வேண்டிய மூளை அந்த இடத்தில் இருக்கிறது என்று மூடனைச் சொல்லும் ஒரு வழக்கையும் அந்த மரபு பதிவு செய்திருக்கிறது. ஆனால் பாதிரியாரிலிருந்து அபத்தத்துக்கு என்று பேராசிரியர் காட்டிய பாதை எனக்கு நீதிமன்றத்துக்கு வாகாக நீட்டப்பட்ட பாதையாகவே படுகிறது. மறைவான உறுப்பின் பெயரை எடுத்து, கேட்டதை மதிப்பற்றது என்று தள்ளுவதற்குப் பயன்படுத்துவது உலக மொழிகளில் பரவலாகக் காணும் பழக்கம், அதற்கு இடையில் ஒரு பாதிரியார் வர வேண்டிய தேவை இல்லை. 'அபத்தம்' என்ற பொருளுக்கான சான்றுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலிருந்துதான் தொடர்ந்து கிடைக்கின்றன. குரோஸுக்கும் அதற்கும் இடையில் நூறாண்டுக்கு மேல் இடைவெளி. சான்றுகளை வரிசையாக வைத்துவிட்டு முடிவை வாசகரிடம் விடும் கிரீனின் முறை எனக்குப் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்: கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக இடைவெளியை அது மூடிவிடுவதில்லை.

இரண்டாவது குறை, பயன்படுத்துபவரின் நோக்கில் முதலாவதைவிடப் பெரியது. இந்தச் சொல் எவ்வளவு முரட்டுத்தனமானது என்ற கேள்விக்கு இந்த அகராதியில் விடை இல்லை. ஸ்லாங் அகராதிக்குள் வந்துவிட்ட எல்லாச் சொல்லும் ஒரே தரையில் நிற்கின்றன. குழந்தை முன்னால் சொல்லக்கூடியதும் சொன்னால் வேலை போகக்கூடியதும் ஒரே எழுத்துருவில், ஒரே தொனியில், ஒரே அமைதியோடு விளக்கப்படுகின்றன. பயில்வோருக்கான கேம்பிரிட்ஜ், காலின்ஸ் போன்ற இலவச அகராதிகள் விளக்கத்தில் மெலிந்திருந்தாலும், முரட்டுச் சொல் என்ற எச்சரிக்கையைப் பொருளுக்கு முன்பே வைத்துவிடுகின்றன. கிரீன் அறிஞர்களை மனத்தில் வைத்து எழுதியவர், அவரிடம் அந்த எச்சரிக்கையை எதிர்பார்ப்பது முறையாகாது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இலவசமாகத் திறந்துவிட்ட பிறகு உள்ளே வருபவர்களில் பெரும்பாலோர் அறிஞர்கள் இல்லை.

அந்த இடத்தை நிரப்ப நான் பரிந்துரைப்பது, வியப்பாகத் தோன்றலாம், பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புகள் வெளியிட்ட ஆய்வுகள். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் பி.பி.சி.யும் விளம்பர, ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புகளும் இணைந்து வெளியிட்ட ஆய்வில், மக்களைப் புண்படுத்தும் சொற்களின் வரிசையில் இந்தச் சொல்லுக்கு எட்டாவது இடம் கிடைத்தது. 2016-இல் பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. அது இந்தச் சொல்லை நடுத்தரக் கடுமை உள்ளவற்றோடு சேர்த்து, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரமான இரவு 9 மணிக்கு முன் இது ஏற்கத்தக்கதாக இல்லாமல் போகலாம் என்றது. உறுப்பைக் குறிக்கும்போது கொச்சையாகவும், 'அபத்தம்' என்ற பொருளில் வரும்போது அந்த அளவுக்குச் சிக்கல் இல்லாததாகவும் மக்கள் கருதுகிறார்கள் என்ற வேறுபாட்டையும் அது குறித்து வைத்தது. இந்த ஒரு வரி, வெளிநாட்டிலிருந்து போகிறவருக்கு எந்த அகராதிப் பதிவைவிடவும் பயன் தருவது.

ஊருக்கு ஊர் மாறும் தன்மையை மட்டும் கிரீன் நன்றாகவே கையாள்கிறார். அயர்லாந்தில் இந்தச் சொல் ஓர் ஆளையே சுட்டும். வெறுப்பாகவும் சொல்லலாம், நெருங்கிய நண்பனைச் செல்லமாகத் திட்டுவதற்கும் சொல்லலாம். அமெரிக்கர்கள் இதைப் பேசுவது அரிது, பேசினாலும் பிரிட்டிஷ்காரரைப் போல நடித்துக் காட்டத்தான். ஆனால் இதே சொல்லின் திரிந்த வடிவமான 'பாலிக்ஸ்' என்பதை, வேலையைக் கெடுத்துவிடுதல் என்ற பொருளில், அதன் பிறப்பை அறியாமலே அவர்கள் நாளிதழ்களில்கூட எழுதுகிறார்கள். கடலைக் கடந்ததும் முரட்டுத்தனம் கரைந்துபோன அந்த நிகழ்வை நாட்டுக் குறிகளோடு கூடிய மேற்கோள் வரிசையில்தான் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது. பிரிட்டனுக்குள்ளேயே அது எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதற்கு 2019-ஐக் காட்டலாம்: ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு லிபரல் டெமாக்ரட் கட்சி வெளியிட்ட தேர்தல் அறிக்கையின் அட்டையிலேயே 'பொலக்ஸ் டு பிரெக்சிட்' என்று அச்சிட்டார்கள். நாட்டிங்ஹாமில் கடைச் சன்னலில் வைத்ததற்கு வழக்குப் போட்ட சொல், 42 ஆண்டுகளில் ஒரு தேசியக் கட்சியின் முழக்கமாகிவிட்டது. அந்த அட்டையைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். நானாக இருந்தாலும் வாக்குக் கேட்டு வருகிறவர் சற்று நல்ல சொல்லாகத் தேர்ந்திருக்கலாம் என்றுதான் நினைத்திருப்பேன்.

சிறு குறைகள் வேறு சில உண்டு. குறுக்கங்கள் மிகுதி: பாதாள உலக வழக்கு, ஆஸ்திரேலிய வழக்கு, அமெரிக்கக் கருப்பின வழக்கு முதலியவை இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்களாக வருவதால், முதல் சில நாட்கள் விளக்கப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். உச்சரிப்பைக் கேட்கும் வசதி இல்லை, எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு தளர்ந்த மொழியில் இது ஒரு குறையே. வரையறைகள் இறுக்கமானவை, சில இடங்களில் ஒரு ஸ்லாங்குக்கு இன்னொரு ஸ்லாங்கையே பொருளாகத் தந்துவிட்டு அகராதி நகர்ந்துவிடுகிறது. எந்தச் சொல்லையும் எவரும் எழுதி, வாக்கெடுப்பில் மேலே வந்தது பொருளாக நிற்கும் அர்பன் டிக்‌ஷனரியோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் பெரிய குறைகளே இல்லை. அங்கே இதே சொல்லைத் தேடினால் வேடிக்கைக்குப் பஞ்சம் இருக்காது, ஆனால் ஒரு வரிக்கும் சான்று கேட்க முடியாது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்ற கேள்விக்கு வருகிறேன். வேலைக்கோ படிப்புக்கோ பிரிட்டன் செல்பவர், ஒரு சொல்லைச் சொல்லலாமா கூடாதா என்று மட்டும் அறிய விரும்பினால், பயில்வோர் அகராதியும் ஆஃப்காமின் பட்டியலும் போதும். கிரீன் அவருக்கு அளவுக்கு மீறிய விருந்து. வேண்டுமானால் ஒரே ஒரு நடைமுறைக் குறிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்: கேட்கும்போது எல்லாப் பொருளையும் புரிந்துகொள்ளுங்கள், சொல்லும்போது 'பொலக்கிங் கிடைத்தது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் நண்பர்களிடம் மட்டும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் துணைத்தலைப்பு எழுதுபவர்களுக்கும் நிலைமை வேறு. அவர்களுக்கு இந்த அகராதி கையிலேயே இருக்க வேண்டிய கருவி. 'பொலக்ஸ் டு தட்' என்பதற்கு 'மயிரே போச்சு' என்பது ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. உடலைச் சார்ந்த சொல், அதே அலட்சியம், அதே நடுத்தர முரட்டுத்தனம், எல்லாம் ஒத்துப்போகின்றன. ஆனால் அதே பாத்திரம் அடுத்த காட்சியில் 'தி பொலக்ஸ்' என்று ஒரு காரைப் புகழ்ந்தால் 'மயிர்' அங்கே உதவாது, 'டாப்பு டக்கரு' என்றோ அந்தப் பாத்திரத்தின் ஊருக்கும் வயதுக்கும் ஏற்ற வேறொன்றோ தேட வேண்டும். எந்தப் பொருள் எந்தக் காட்சியில் வருகிறது என்பதைப் பிரித்துக் காட்டும் வேலையை அகராதியின் எண்ணிட்ட பொருள்களும் மேற்கோள்களும் செய்துவிடுகின்றன.

வரலாற்றுப் புனைவை எழுதுபவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் பயன் இன்னும் ஒரு படி அதிகம். 1800-ஐ ஒட்டிய நெல்சன் காலத்துப் போர்க்கப்பலில் ஒரு மாலுமி தன் புதிய கத்தியைத் 'தி டாக்ஸ் பொலக்ஸ்' என்று மெச்சினால், அந்தப் பாராட்டுக்கான சான்றுகள் 1980-களில்தான் தொடங்குகின்றன என்பதை மேற்கோள் வரிசை காட்டிக்கொடுத்துவிடும். அதே மாலுமி கப்பலின் பாதிரியாரை அந்தச் சொல்லால் முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயரிட்டு அழைத்தால், குரோஸின் அகராதி அவனுக்குச் சாட்சி சொல்லும்.